ஆணி இருந்த உசரம்

எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின எங்கள் லைன் ஊட்டுக்கு முன்னால் நிற்கிற நாவல் மரத்தைப் பார்க்க இப்போதெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். எஸ்டேட்டின் கீழ்ப்பக்கத்தில் லாட்ஜு கட்டிவிட்டார்கள். அங்கே தங்குகிறவர்களை லாட்ஜு ஆள் கூட்டிக்கொண்டு வந்து, "இந்த மரத்தோட இடுப்பை நாலு கை புடிச்சிருக்கு பாருங்க, இது இயற்கையோட அதிசயம்" என்கிறான். போன மாசம் ஒரு அம்மா அந்தக் கைகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதிசயமும் இல்லை, ஒன்றும் இல்லைங்க. அது நான் கட்டின ஒட்டு.

எங்கள் கோயில் பத்திரிகைக்கு, வேலை பார்த்து ஓய்ந்த பொம்பளைகள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரலாம் என்று பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சொன்னார். நான் மூணாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கோணும், சங்கதி கோணாது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாகத்தான் எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

கல்யாணமாகி வாழவந்திப் பக்கத்திலிருந்து இந்த எஸ்டேட்டுக்கு வந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு நிழல் கழிக்கிற வேலை. மழைக்கு முன்னால் உசரமான மரங்களில் ஏறி, காப்பிச் செடிமேல் வெயில் விழுகிற மாதிரிக் கிளைகளை வெட்டி விடவேண்டும். எனக்குக் காப்பிப் பழம் பறிக்கிற வேலை, அப்புறம் செடியில் வேண்டாத தளிரைக் கிள்ளிச் சிம்பு எடுக்கிற வேலை, அப்புறம் கிளை வெட்டுகிற கவாத்து. என் வெட்டு சுத்தமாக இருக்கிறது என்று பார்த்து நர்சரிக்கு மாற்றினார்கள். அங்கே சூசை மேஸ்திரியின் கையில் போய் விழுந்தேன்.

மேஸ்திரி கத்தமாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். அவர் என்னை 'சவரி' என்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். 'ஏனுங்க மகராணி' என்றால் தொலைந்தோம்.

"ஏனுங்க மகராணி, புடிச்சிருக்கறது கத்தியா, கரண்டியா? கொளம்பு கிண்டறாப்பல இருக்குதுங்களே."

அவர் ஒட்டுக் கத்தியை வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பார். காலையில் வந்ததும் தன் முன்கையில் மயிரைச் சிரைத்துப் பார்ப்பார். சிரைக்கவில்லை என்றால் அன்றைக்கு ஒட்டு இல்லை, கல்லில் தீட்டுகிற வேலைதான் எல்லாருக்கும். ஒட்டுக் கட்டும்போது வெற்றிலை போடக்கூடாது, பேசக்கூடாது. அவர் மட்டும் பேசுவார்.

கமலா ஆரஞ்சுக்குத்தான் அப்போது கண் ஒட்டு கட்டினோம். காட்டு எலுமிச்சை நாற்றின் பட்டையில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, கத்திப் பிடியின் எலும்பு முனையால் பட்டையைத் தூக்க வேண்டும். நல்ல மரத்திலிருந்து சீவின ஒரு கண்ணை அதற்குள் செருகி, வாழை நாரால் கட்ட வேண்டும். இதைச் செய்ய எந்தக் கையும் பழகிவிடும். ஏன் செய்கிறோம் என்று அவர் சொன்னதுதான் எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தது.

ஒரு நாள் ஒரு குச்சியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "தொட்டுப் பாரு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வழவழன்னு ஒண்ணு இருக்குதா? அதுதான் மரம், சாமி. அது உள்பக்கம் கட்டையைப் போடும், வெளிப்பக்கம் பட்டையைப் போடும். அதனாலதான் மரம் வருசா வருசம் பெருக்குது. ரெண்டு மரத்தோட வழவழப்பும் ஒண்ணை ஒண்ணு தொட்டாத்தான் ஒட்டு. தொடலீன்னா நீ கட்டினது வெறும் கட்டு."

"அப்ப நீளறது எப்படீங்க?"

"அது நுனியில. நுனிக் கொழுந்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாம ஒரு எடம் இருக்குது. வேருக்கும் அதே மாதிரி நுனியில. நீ காப்பிச் செடிக்கு நுனி கிள்ளினா அதோட உசரம் நின்னுபோவுதில்ல? நீளறதுக்கு ஒரு எடம், பெருக்கறதுக்கு ஒரு எடம். ரெண்டையும் கொழப்பிக்காத."

நான் குழப்பிக்கொள்ளவில்லை.

இனி நாவல் மரத்துக்கு வருகிறேன். நாங்கள் வேலைக்குப் போகும்போது, நடக்கிற வயசுப் பிள்ளைகளை அந்த மரத்தடியில் ஒரு ஆயா பொறுப்பில் விட்டுவிட்டுப் போவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கஞ்சி ஊற்றின தூக்குப்போசி ஒன்று. கீழே வைத்தால் எறும்பு மொய்க்கும். என் மகள் ரோசிக்கு நாலு வயசு இருக்கும்போது அவள் அப்பா மரத்தில் ஒரு நீள ஆணி அடித்துக் கொடுத்தார். அவளை மரத்தோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு நேராக அடித்தார். போசியை அவளே மாட்டுவாள், அவளே எடுப்பாள். வேறு பிள்ளை மாட்டினால் சண்டைதான்.

அந்த மரம் அப்போது இளமரம். பெருக்கிற வயசு. ஆணி வெளியே இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தது, ஒன்றரை விரல் ஆனது, ஒரு விரல் ஆனது.

"அம்மா, ராத்திரி யாரு வந்து ஆணியை அடிக்கறது?" என்று ரோசி கேட்டாள்.

"மரந்தான் தின்னுது" என்றார் அந்தோணி.

"பசிக்குதா அதுக்கு?"

"உங்கம்மா கொளம்பைத் தின்னுட்டு நான் இருக்கறேன், அது ஆணியைத் தின்னுட்டு இருக்குது."

பள்ளிக்கூடம் போகிற வயசிலும் அவள் அந்த ஆணியை விடவில்லை. புத்தகப் பை அதில்தான் தொங்கும். பிறகு பை மாட்ட முடியாதபடி ஆணி சின்னதாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ரிப்பனை அவிழ்த்து அந்த ஆணிக் கொண்டையில் மாட்டிவிட்டு உள்ளே ஓடுவாள். தினமும் நான் எடுத்துச் சுருட்டி வைப்பேன், திட்டிக்கொண்டேதான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்றாள். வடக்கே, ரெண்டு ராத்திரி ரயிலில் போகிற தூரம். எங்களுக்கு ஒரே பிள்ளை. கடவுள் கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அவள் கிளம்பின ஜூன் மாசம் நாவல் மரம் காய்த்த காய்ப்பு இருக்கிறதே, யாரும் அதுவரைக்கும் பார்த்ததில்லை. இலை தெரியாமல் பழம். தரையெல்லாம் ஊதா. பக்கத்து ஊட்டு மாரியக்கா வாய் ஊதாவாக நின்றுகொண்டு, "புள்ளை சாமிகிட்டப் போறா, மரமே பூரிச்சுப் போச்சு பாருடி சவரி" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்ப ஒன்று வேண்டியிருந்தது.

பஸ்ஸுக்குப் போகுமுன் ரோசி மரத்துக்கிட்டே போனாள். ஆணிக் கொண்டையைக் குனிந்து தொட்டாள்.

"நான் திரும்பி வரப்ப மரம் வளந்து இது எங்கியோ மேல போயிருக்கும். ஏணி எடுத்து வெச்சிரும்மா" என்று சிரித்தாள்.

ஆணி மேலே போகாது என்று எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. தலையை ஆட்டினேன். இருக்கட்டும், அவள் வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அவள் வரும்போது மரம் நிற்க வேண்டும், ஆணி அதே இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த வாரமே சூசை மேஸ்திரி வந்தார். வேலையை விட்டு ஓய்ந்துவிட்டார் அப்போது, கை நடுக்கம். பழம் தின்னத்தான் வந்தார். ரெண்டு பழத்தை வாயில் போட்டவர், மேலே பார்த்தார், மரத்தின் இடுப்பைப் பார்த்தார், சுற்றி வந்தார். மென்றுகொண்டிருந்ததைத் துப்பினார்.

"ஏனுங்க மகராணி" என்றார்.

நான் ஓடிப்போய் மரத்துக்கிட்டே நின்றேன்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் லைன் ஊடுகளில் வயிற்றுப்போக்கு வரும். நாவல் பட்டையை ஒரு துண்டு செதுக்கி, இடித்துக் கசாயம் வைப்போம். ஆஸ்பத்திரிக்கு ஏற்காட்டுக்குப் போக பஸ் வருமா வராதா என்று நிற்கிற காலத்தில் அதுதான் மருந்து. எல்லா ஊட்டுக்கும் எடுத்ததுதான். ஆனால் ஒருத்தர் செதுக்கின புண்ணில் இன்னொருத்தர் கத்தி வைக்கக்கூடாது. மரத்துக்கு நோகும், மருந்து பலிக்காது என்பார்கள். அதனால் பழைய புண்ணுக்குப் பக்கத்தில், புதுப் பட்டையில் செதுக்குவோம். எல்லாருக்கும் வாகான நெஞ்சு உசரத்தில். மரத்தின் மேல் இரக்கப்பட்டுச் செய்ததுதான்.

அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் என்று போய், புண் மரத்தைச் சுற்றி வந்து முட்டிவிட்டது. ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டியாணம் மாதிரி. ஒரு விரல் பட்டைகூட மிச்சம் இல்லை.

மாரியக்கா ஓடி வந்தாள். "ஒருத்தர் வெட்டின எடத்துல ஒருத்தர் வெட்டலீங்களே மேஸ்திரி!"

"வெட்டியிருந்தா மரம் பொளைச்சிருக்கும் சாமி" என்றார் மேஸ்திரி.

"எலை பச்சையாத்தான இருக்குது? எத்தனை பழம்!"

"தண்ணி கட்டை வழியா மேல ஏறிரும். அதனால எலை வாடல. எலை ஆக்கற சோறு பட்டை வழியாத்தான் வேருக்கு எறங்கணும். எறங்க வழியில்லாம மேலயே தேங்கி நிக்குது, அதான் இத்தனை பழம். பூரிப்பு இல்ல இது. வேரு பட்டினி கெடக்குது."

மாரியக்கா கையிலிருந்த பழங்களைக் கீழே போட்டுவிட்டாள்.

சேதி மேனேஜருக்குப் போனது. அவர் நல்ல மனுசர்தான். வந்து பார்த்து, "செத்த மரம் காத்துக்கு விழுந்தா ஓட்டு மேலதான் விழும். உள்ள ஆளுக படுத்திருக்கீங்க. காப்பிப் பழம் பறிச்சு முடிஞ்சதும் வெட்டிரலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம். காப்பி பறிப்பு முடிய இன்னும் ஏழெட்டு மாசம் இருந்தது.

அன்று சாயங்காலம் மேஸ்திரி ஊட்டுக்குப் போனேன். பாலம் ஒட்டு என்று ஒன்றை அவர் ஒரு முறை, முள்ளம்பன்றி கடித்த ஆரஞ்சு மரத்துக்குக் கட்டியிருந்தார். புண்ணுக்குக் கீழே இருக்கிற பட்டையிலும் மேலே இருக்கிற பட்டையிலும் குச்சியின் ரெண்டு முனையையும் செருகி, நடுவில் பாலம் போடுவது. சோறு அது வழியாக இறங்கும்.

"நாவலுக்கு நான் கட்டினதில்ல. இத்தாப் பெரிய மரத்துக்கும் கட்டினதில்ல" என்றார். "வுட்டுரு சவரி. வேற நாத்து ஒண்ணு வெச்சுக்கலாம்."

"வேற நாத்துல ஆணி இருக்காதுங்க."

அவருக்கு ஆணிக் கதை தெரியும். தன் நடுங்குகிற கையைப் பார்த்தார். அப்புறம் மடியிலிருந்து கத்தியை எடுத்து என் முன்னால் வைத்தார். "நாளைக்குத் தீட்டிக்கிட்டு வா. நான் முக்காலியில உக்காந்துக்கறேன்."

மழைக்கு மரத்தில் ஈரம் ஓடுகிற நேரம், பட்டை நன்றாகக் கழன்று கொடுத்தது. அதே மரத்தின் விரல் தடிமன் குச்சிகளை அந்தோணி ஏறி வெட்டிப் போட்டார். நான் ரெண்டு முனையையும் ஆப்பு மாதிரிச் சீவினேன். மேல்முனை மேலே, அடிமுனை கீழே. தலைகீழாக வைத்தால் சோறு இறங்காது என்று மேஸ்திரி ஒவ்வொரு குச்சியையும் வாங்கிப் பார்த்தார். செருகினேன். தேங்காய்க் கயிற்றால் சுற்றிக் கட்டினேன். வெட்டுவாயில் சாணியும் களிமண்ணும் பூசினேன்.

குச்சி எல்லாம் காய்ந்துவிட்டது. மழையில் கயிறு தளர்ந்து போச்சு, களிமண் கரைந்து போச்சு, காற்றுக்கு மரம் ஆடினபோது குச்சி முனைகள் நழுவிவிட்டன. நகத்தால் சுரண்டினால் குச்சிக்குக் குச்சி பழுப்பு. மரத்தின் உச்சியில் மஞ்சள் இலைகள் தெரிய ஆரம்பித்தன. அந்தோணி, "போவுது வுடு. அவளே போயிட்டா" என்றார். சொல்லிவிட்டு அவரும் வெளியே போய் நின்றுகொண்டார்.

மேஸ்திரிதான் ஐப்பசி மழைக்கு முன்னால் மறுபடி வந்தார். முக்காலியில் உட்கார்ந்து பழைய கட்டைப் பார்த்தார்.

"குச்சியை வெரச்சுக் கட்டியிருக்கற. வில்லாட்டம் கொஞ்சம் வளைச்சுக் கட்டோணும். மரம் ஆடறப்ப வளைவு குடுக்கும், முனை நகராது. எனக்கும் அன்னிக்குத் தோணல. கயிறு வேண்டாம், நனைஞ்சா இளகாத துணியாப் பாரு. களிமண்ணும் வேண்டாம்."

இளகாத துணி என்றதும் நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். ரோசியின் ரிப்பன்கள், நைலான். மடத்துக்கு எடுத்துப் போகவில்லை, அங்கே அதற்கு வேலை இல்லை. வருசா வருசம் நான் சுருட்டி வைத்தது அத்தனையும் இருந்தது. ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டேன், மரத்தைச் சுற்றி வருகிற நீளம் கிடைத்தது. பூசுவதற்குக் கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுவத்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி, வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு உருக்கினேன்.

காய்ந்த குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, அந்தோணி புதிதாக வெட்டித் தந்த குச்சிகளைச் சீவிப் பக்கத்துப் புதுப் பட்டையில் செருகினேன். மேஸ்திரி பேசவே இல்லை. கடைசிக் குச்சியை வளைத்து மேல்முனையைப் பட்டைக்குள் தள்ளும்போது மட்டும், "அங்கதான்... அங்கதான்... வழவழப்புல படோணும்... ம்" என்றார். தன் கை போகிற இடத்தைச் சொல்கிற மாதிரி.

பறிப்பு நடந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். சில குச்சிகள் கறுத்தன. நாலு குச்சி கறுக்கவில்லை. ஒரு நாள் அதில் ஒன்றில் ஊசிமுனை மாதிரித் துளிர் எட்டிப் பார்த்தது. ஓடிப்போய் மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். அவர் குனிந்து பார்த்து, அந்தத் துளிரைக் கட்டைவிரலால் தேய்த்து எடுத்துப் போட்டுவிட்டார்.

"ஐயோ!" என்றேன்.

"இது கொழுந்து வுடறதுக்கு வெச்சதா, சோறு எறக்க வெச்சதா? ரிப்பனையும் அவுத்துரு சவரி. குச்சி பெருக்க ஆரம்பிச்சாச்சு. கட்டத் தெரிஞ்சா பத்தாது, எப்ப அவுக்கறதுன்னு தெரியோணும். வுட்டா அதுவே கழுத்தை நெரிச்சிரும்."

அவிழ்த்தேன். முடிச்சுகள் மெழுகில் இறுகிக் கிடந்தன. அறுக்க மனசு வராமல் ஒவ்வொன்றாக நகத்தால் பிரித்தேன். மேஸ்திரி அவசரப்படுத்தவில்லை.

பறிப்பு முடிந்து, வெட்டுகிற ஆட்களோடு மேனேஜர் வந்தார். நான் மரத்துக்கு முன்னால் போய் நின்றேன். "தொட்டுப் பாருங்க" என்றேன். அவர் ஒரு குச்சியைச் சுரண்டினார், பச்சை. உச்சியைப் பார்த்தார், செம்புநிறத்தில் புதுக் கொழுந்து. "யாரு கட்டினது?" என்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "சவரி" என்றார். மகராணி என்று சொல்லவில்லை.

ஆட்களை மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அந்த மரத்தில் பட்டை எடுக்கவில்லை. சூசை மேஸ்திரி அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அவருடைய கத்தி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ரோசி வர வருசங்கள் ஆனது. சாமிக்கே வாழ்வதாக மடத்தில் வார்த்தைப்பாடு கொடுத்து, எங்கேயோ மலைக்காட்டில் பள்ளிக்கூடம் நடத்தி, தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் ரெண்டு நாள் லீவில் வந்தாள். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி. முன்னைவிட மெலிந்திருந்தாள். நான் சோறு போட்டேன், அளவாகத் தின்றாள். சின்ன வயசில் கேட்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் மரத்தடிக்குப் போனாள். நானும் போனேன். நாலு குச்சிகளும் அப்போது கைத்தடிமன் ஆகியிருந்தன. அவற்றைத் தடவிவிட்டு, நிமிர்ந்து பார்த்து, தலைக்கு மேலே கையை நீட்டிப் பட்டையைத் துழாவினாள்.

"என்ன கண்ணு தேடற?"

"ஆணிம்மா. எவ்வளவு மேல போச்சு?"

"அங்க இல்ல. கீழ."

தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே மரத்தில் பார்த்தாள். "இன்னும் கீழ" என்றேன். அவள் கையைப் பிடித்து வைத்தேன். ஆணி இல்லை, மரம் முழுசாக மூடியிருந்தது. தொப்புள் மாதிரி ஒரு குழி மட்டும்.

"வளந்ததெல்லாம் நுனியில கண்ணு. இங்க பெருக்கத்தான் செஞ்சுது. அப்பா அடிச்ச எடத்துலயேதான் இருக்குது, உள்ள."

அவள் அந்தக் குழியில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தலை சரியாக அந்த உசரத்துக்கு வந்தது. அப்புறம் மரத்தைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு இருக்குதா?" என்று கேட்டாள்.

இருந்தது. போட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாள். அதற்கப்புறமும் வந்திருக்கிறாள், அடிக்கடி இல்லை. அவள் அப்பாவும் இப்போது இல்லை. குழியும் மூடிவிட்டது. லாட்ஜு ஆள் எத்தனை பேரைக் கூட்டிவந்து நாலு கையைக் காட்டினாலும், அதற்குக் கீழே வழுவழு என்று இருக்கிற பட்டையை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அங்கே ஒன்றும் தெரியாது. எனக்கும் கண்ணால் பார்த்தால் தெரியாது. இருட்டுகிற நேரத்தில், வேலை விட்டு வருகிறபோது ஓடி வருகிற பிள்ளையின் தலையில் கை வைப்போமே, அந்த மாதிரிக் கையைத் தாழ்த்தினால் சரியாக அங்கே போய் நிற்கும்.